கொம்பு என்ற கடற்பாசியும் டாஷி என்ற தண்ணீரும்

கேள்வி இதுதான்: ஜப்பானியர்கள் கொம்பு என்ற, விறைப்பாகக் காய்ந்த ஒரு கறுப்புக் கடற்பாசித் துண்டைத் தண்ணீரில் ஊறப்போடுகிறார்கள், கொதி வருவதற்குள் எடுத்துவிடுகிறார்கள். அந்த நீர்தான் டாஷி, அவர்கள் சமையலின் அடிப்படைச் சாறு. கொம்புவிலிருந்து அப்படி என்ன இறங்குகிறது? அதற்கு ஏன் அவ்வளவு விலை? ஒரு சிட்டிகை அஜினோமோட்டோ போட்டால் போதாதா? மீன் சாப்பிடாதவர்கள் இதை நம்பி ஜப்பானியச் சாப்பாட்டில் கை வைக்கலாமா?

நான்கு கேள்விகளுக்கும் பதில் சொல்கிறேன். ஆனால் முதலில் ஒன்று. கொம்புவின் ருசியில் பெரும்பகுதி அது சமையலறைக்கு வருவதற்கு முன்பே, எந்தக் கரையில் எடுத்தார்கள், எப்படிக் காயவைத்தார்கள் என்பதிலேயே முடிவாகிவிடுகிறது. மீதியை முடிவு செய்வது உங்கள் வீட்டுத் தண்ணீர். சமைப்பவர் செய்ய வேண்டியது கொஞ்சம்தான்; அதைக் கெடுக்காமல் இருந்தால் போதும். இதைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும்.

கொம்பு என்பது குளிர்ந்த கடலில், பாறையைப் பற்றிக்கொண்டு வளரும் பழுப்புப் பாசி. நம்மூர்க் கடைகளில் கடற்பாசி என்று விற்கிறார்களே, நோன்புக் காலத்தில் பாலில் காய்ச்சி உறையவைப்பது, அது சிவப்புப் பாசியிலிருந்து எடுக்கும் அகர். அதற்கும் இதற்கும் உறவு இல்லை. சுஷி சுற்றும் நோரியும் சிவப்புப் பாசி வகைதான். கொம்புவோ பல மீட்டர் நீளத்துக்கு, ஒரு கை அகலத்துக்கு, தோல் போலத் தடித்து வளரும். சூடான கடல் அதற்கு ஆகாது. ராமேஸ்வரம் பக்கம் பாசி எடுக்கும் பெண்கள் அறிந்த பாசிகளில் இது இல்லாததற்குக் காரணம் அதுதான். ஜப்பானிலேயே அனேகமாக முழு விளைச்சலும் வடகோடித் தீவான ஹொக்கைடோவிலிருந்து வருகிறது. பத்தில் ஒன்பது பங்குக்கு மேல்.

இனி முதல் கேள்வி, தண்ணீரில் என்ன இறங்குகிறது என்பது.

1908-ல் டோக்கியோ இம்பீரியல் பல்கலைக்கழகத்தில் வேதியியல் பேராசிரியராக இருந்த இகேடா கிகுனே இதே கேள்வியைக் கேட்டுக்கொண்டார். கொம்பு ஊறிய நீரில் இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு எதிலும் சேராத ஒரு ருசி இருக்கிறது, அது என்ன? சுமார் 12 கிலோ கொம்புவைக் காய்ச்சி வடித்து அவர் பிரித்தெடுத்தது ஏறத்தாழ 30 கிராம் குளூட்டமிக் அமிலம். அந்த ருசிக்கு உமாமி என்று பெயர் வைத்தார். அடுத்த ஆண்டே, 1909-ல், சுசுகி சபுரோசுகே என்ற தொழிலதிபர் அதை உப்பாக்கி விற்க ஆரம்பித்தார். அதுதான் அஜினோமோட்டோ. நம் ஊர் ஃபிரைட் ரைஸ் கடை வரை வந்து சேர்ந்த அந்த வெள்ளைத் தூள் பிறந்தது ஒரு கொம்புச் சட்டியில். இன்று அதைப் பாசியிலிருந்து யாரும் எடுப்பதில்லை. கரும்புச் சர்க்கரைப் பாகு, மரவள்ளி மாவு போன்றவற்றை நுண்ணுயிர் கொண்டு நொதிக்கவைத்துத்தான் செய்கிறார்கள்.

கொம்புவில் இந்தக் குளூட்டமேட் கட்டுண்டு கிடக்காமல் தனியாக இருக்கிறது. காய்ந்த 100 கிராமில் சுமார் ஒன்றேகால் கிராமிலிருந்து மூன்று கிராம் வரை, வகையைப் பொறுத்து. சமையலில் புழங்கும் பொருள்களில் இவ்வளவு தனிக் குளூட்டமேட் உள்ளவை மிகக் குறைவு. ஜப்பானியக் குழந்தைகள் கேட்கும் அருமையான கேள்வி ஒன்று உண்டு: அப்படியானால் கொம்பு வளரும் கடலே ஏன் டாஷியாக மாறிவிடவில்லை? உயிருள்ள செல்லின் சவ்வு தன் சரக்கை வெளியே விடாது என்பதுதான் பதில். வெயிலில் காய்ந்து செல் செத்த பிறகு, மறுபடி தண்ணீரில் போட்டால் உள்ளே இருப்பது தடையில்லாமல் வெளியே வருகிறது. ஆகவே காயவைப்பது கெட்டுப்போகாமல் காப்பதற்கு மட்டும் அல்ல. ருசியைத் திறந்துவிடுவதே அதுதான்.

அப்புறம், டாஷியின் இன்னொரு பாதி. இகேடாவின் மாணவர் கொடாமா ஷிந்தாரோ 1913-ல் கட்சுவோபுஷியின் ருசிக்குக் காரணம் ஐனோசினிக் அமிலத்தின் உப்பு என்று கண்டார். கட்சுவோபுஷி என்பது சூரை மீனை வேகவைத்து, புகைபோட்டு, கட்டையாகக் காயவைத்து, சீவிப் பயன்படுத்துவது. ஈழத்திலும் தூத்துக்குடிப் பக்கமும் மாசிக் கருவாடு போட்டுச் சம்பல் அரைப்பவர்களுக்கு இதைத் தனியாக விளக்க வேண்டாம். அதே மீன், ஏறக்குறைய அதே முறை. 1957-ல் குனினாகா அகிரா ஷிட்டாக்கே காளானின் குவானிலேட்டைக் கண்டுபிடித்ததோடு, முக்கியமான இன்னொன்றையும் காட்டினார். குளூட்டமேட்டோடு ஐனோசினேட்டோ குவானிலேட்டோ சேர்ந்தால் நாக்குக்குத் தெரியும் உமாமி கூட்டல் கணக்கில் ஏறாது, பெருக்கல் கணக்கில் ஏறும். சரியான அளவில் கலந்தால் ஏழெட்டு மடங்கு கூடத் தெரியும். கொம்புவையும் கட்சுவோபுஷியையும் ஒரே சட்டியில் சேர்த்த பழைய சமையல்காரர்களுக்கு இந்த வேதியியல் தெரியாது. நாக்கு சொன்னதைக் கேட்டார்கள்.

சரி, அப்படியென்றால் அஜினோமோட்டோ போதாதா? குளூட்டமேட் என்ற அளவில் இரண்டும் ஒரே பொருள்தான். அதை விஷம் என்று சொல்வதில் அர்த்தமில்லை. ஆனால் கொம்பு ஊறிய நீரில் குளூட்டமேட் தனியாக வருவதில்லை. அஸ்பார்டிக் அமிலம், லேசான இனிப்புள்ள மன்னிட்டால், பொட்டாசியம் முதலான தாதுக்கள், மெல்லிய கடல் மணம் எல்லாம் சேர்ந்து வருகின்றன. தூள் போட்ட சூப்பில் ருசி நாக்கில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். நல்ல கொம்பு நீரில் முதல் வாய் ஒன்றுமே இல்லாததுபோல இருக்கும். விழுங்கிய பிறகுதான் ருசி மெதுவாக எழுந்து தங்கும். ஃபிரைட் ரைஸுக்கு இந்த வித்தியாசம் பெரிதல்ல. ஒரு துண்டு டோஃபுவும் ஒரு கீற்று எலுமிச்சைத் தோலும் மட்டும் மிதக்கும் தெளிந்த சூப்பில் இதைத் தவிர வேறு ஒன்றுமே இல்லை.

இப்போது விலைக்கு வருவோம். இதைப் பற்றி நிறையச் சொல்ல ஆசை, ஏனென்றால் கடையில் அட்டையைப் பார்த்து விலை அதிகம் என்பவர்கள் இந்த வேலையைப் பார்த்ததில்லை.

நல்ல கொம்பு இரண்டு வருடப் பயிர். முதல் வருடப் பாசி மெல்லியது, சத்தில்லாதது. அது குளிர்காலத்தில் தேய்ந்து, மறுபடி வளர்ந்து, இரண்டாம் கோடையில்தான் தடித்து ருசி ஏறி நிற்கும். ஜூலையிலிருந்து செப்டம்பர் வரைதான் அறுவடை, அதிலும் எல்லா நாளும் இல்லை. மறுநாள் வெயில் அடிக்குமா, கடல் அமைதியாக இருக்குமா என்று பார்த்து, அந்தந்த ஊர் மீனவர் கூட்டுறவுதான் இன்று போகலாம் என்று அதிகாலையில் அறிவிக்கும். சிறு படகில் போய், அடியில் கண்ணாடி பொருத்திய பெட்டி வழியாகக் கடலடியைப் பார்த்து, நீண்ட கழியின் நுனியில் பாசியைச் சிக்கவைத்து முறுக்கிப் பாறையிலிருந்து பிடுங்க வேண்டும். நனைந்த பாசியின் கனம் சொல்லி மாளாது.

உண்மையான போராட்டம் கரைக்கு வந்த பிறகு. கூழாங்கல் பரப்பிய காயவைக்கும் களத்தில் ஒவ்வொரு இலையாக நீட்டி, மடங்காமல், ஒன்றன்மேல் ஒன்று படாமல் பரப்புவார்கள். குடும்பத்தில் தாத்தா பாட்டி முதல் பள்ளிப் பிள்ளைகள் வரை எல்லோரும் களத்தில் நிற்பார்கள். அன்றைக்கே காய்ந்தாக வேண்டும். மழையோ மூடுபனியோ வந்து நனைத்தால் நிறம் வெளிறி, தரம் இறங்கி, ஒரு நாளைய உழைப்பு பாதி விலைக்குப் போகும். ஹொக்கைடோவின் கிழக்கு முனையில் இருக்கும் ராவுசுவில் இதற்கு மேலும் ஒரு படி போகிறார்கள். காய்ந்ததை இரவுப் பனியில் வைத்து ஈரப்பதம் ஏற்றி இளக்கி, சுருட்டி, மறுபடி விரித்துச் சுருக்கம் நீக்கி, அடுக்கிக் கனம் வைத்து, மீண்டும் வெயில் காட்டி, ஓரங்களைக் கத்தரித்து என்று இருபதுக்கும் மேற்பட்ட படிகள். கோடையில் எடுத்த பாசி சரக்காக வெளியே போக இலையுதிர்காலம் ஆகிவிடும்.

அதன் பிறகும் சில கொம்புவுக்குக் காத்திருப்பு முடிவதில்லை. ஃபுகுய் மாகாணத்தின் சுருகா துறைமுகத்தில் கொம்புவை வைக்கோல் பாயில் சுற்றி, வெப்பமும் ஈரமும் பார்த்துக்கொள்ளும் கிடங்கில் ஒரு வருடம், இரண்டு வருடம், அதற்கும் மேலாகக்கூட முதிரவிடுகிறார்கள். முன்காலத்தில் பனி விழுந்து மலைப்பாதை அடைபட்டுவிட்டால் சரக்கு வசந்தம் வரை கிடங்கிலேயே கிடக்கும். அப்படிக் கிடந்த கொம்புவில் பாசி வாடை போய் ருசி தெளிந்திருந்ததைக் கவனித்துத்தான் இந்த வழக்கம் பிறந்தது என்பார்கள். கியோட்டோவின் பெரிய உணவகங்கள் இன்றும் இப்படி முதிர்ந்த கொம்புவைத் தேடி வாங்குகின்றன.

வகைகளில் நான்கைத் தெரிந்துகொண்டால் போதும். தெற்கு ஹொக்கைடோவில், ஹகோடாடே பக்கம் வளர்வது மா-கொம்பு. அகலமும் தடிப்புமானது, இனிப்பு கலந்த நிறைந்த ருசி, தெளிந்த சாறு. அதிலும் வெட்டினால் உள்பக்கம் வெளிறித் தெரியும் ரகத்தை ஒரு காலத்தில் அரசவைக்கும், நாட்டை ஆண்ட படைத்தலைவரான ஷோகனுக்கும் காணிக்கையாக அனுப்பினார்கள். ஒசாகாவின் கொம்பு இதுதான். வடக்கே ரிஷிரி, ரெபுன் தீவுகளிலும் சுற்றுக் கரையிலும் எடுப்பது ரிஷிரி கொம்பு. சாறு கண்ணாடியாக இருக்கும், லேசான உப்புக் கூர்மை; காய்கறியின் நிறத்தையும் மணத்தையும் மறைக்காது என்பதால் கியோட்டோ இதைப் பிடித்துக்கொண்டது. ராவுசு கொம்பு நால்வரில் முரடன். மஞ்சள் கலந்த, கனமான, ஆழமான சாறு தரும். குளூட்டமேட்டும் இதில்தான் பெரும்பாலும் அதிகம். ஹிடாக்கா கொம்பு, எரிமோ முனையை ஒட்டிய கரையில் கிடைப்பது, சாறில் மற்றவற்றுக்குப் பின்னால்தான். ஆனால் சீக்கிரம் வெந்து மெத்தென்று ஆகும், ஆகையால் தின்பதற்கு இதுதான் முதல். ஓதேன் என்ற குளிர்காலக் குழம்பில் முடிச்சுப் போட்டுக் கிடப்பது, மீனைச் சுற்றிக் கட்டி வேகவைப்பது எல்லாம் அனேகமாக ஹிடாக்காதான்.

ஒரே வகைக்குள்ளும் எந்தக் கரை என்று பார்த்து விலை மாறும். இரண்டு கரைக்கு நடுவே ஒரு சின்ன முனைதான் இருக்கும்; நீரோட்டமும் ஆற்று நீர் கலப்பதும் வேறு, அதனால் ருசியும் வேறு.

இங்கே ஒரு புதிர் இருக்கிறது. பாசி விளைவது வடகோடியில். அதை வைத்து நுட்பமான சமையல் வளர்ந்ததோ ஆயிரம் கிலோமீட்டர் தெற்கே கியோட்டோவிலும் ஒசாகாவிலும். அதற்கும் தெற்கே, ஒரு கொம்புகூட முளைக்காத ஒகினாவாவிலும் அது அன்றாட உணவு. ஏன்?

கொம்பு வடக்கிலிருந்து தெற்கே பயணப்பட்டது மிகப் பழைய செய்தி. பழைய அரசவைக் குறிப்பில் 715-ம் ஆண்டுப் பதிவு ஒன்றில், வடக்கே வாழ்ந்த எமிஷி மக்களின் தலைவர் ஒருவர், தம் முன்னோர் காலத்திலிருந்தே கொம்புவைக் காணிக்கையாகக் கொடுத்துவருவதாகச் சொல்கிறார். நடுக்காலத்தில் கப்பல்கள் சுருகா, ஓபாமா துறைமுகங்களில் சரக்கை இறக்கின. அங்கிருந்து மலை தாண்டி, பீவா ஏரியில் படகேறி கியோட்டோ. 1672-ல் கவாமுரா சுய்கென் என்ற வணிகர் அரசாணைப்படி மேற்குக் கடல்வழியைச் சீர்படுத்திய பிறகு, கப்பல்கள் ஷிமோனோசேகி நீரிணையைச் சுற்றி நேரே ஒசாகாவுக்கு வந்தன. கிடமாயெபுனே என்ற அந்தக் கப்பல்கள் போகும்போது அரிசி, உப்பு, துணி. வரும்போது ஹெர்ரிங் மீன் உரம், கொம்பு. ஒசாகாவில் குவிந்த கொம்பு பக்கத்து சகாய் ஊருக்கும் போனது. சகாய் கத்தி செய்யும் ஊர். கத்தியும் கொம்புவும் சந்தித்த இடத்தில், புளிக்காடியில் இளக்கிய கொம்புவைக் காகிதத்தைவிட மெல்லியதாகக் கையால் சீவும் ஒபோரோ கொம்பு என்ற கைவேலையே உருவாயிற்று.

ஒகினாவா கதை இன்னும் சுவையானது. அன்று ரியூக்கியூ அரசாக இருந்த ஒகினாவா 1609-லிருந்து தெற்கு ஜப்பானின் சட்சுமா பிரபுத்துவத்தின் பிடியில் இருந்தது. கூடவே சீனாவுக்கும் கப்பம் கட்டி வணிகம் செய்துவந்தது. சீனாவின் உள்நாட்டில் கழுத்துக் கழலை நோய்க்குக் கடற்பாசி மருந்து என்று அறிந்திருந்தார்கள்; அயோடின் என்ற பெயர் தெரியாவிட்டாலும் பலன் தெரியும். 19-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சட்சுமா கடனில் மூழ்கிக் கிடந்தது. நடுவில் வந்தவர்கள் டொயாமாவின் மருந்து வியாபாரிகள். ஊர் ஊராக மருந்துப் பெட்டி வைத்துவிட்டு வரும் அவர்களுக்குச் சீன மருந்துச் சரக்கு வேண்டும். சட்சுமாவுக்குச் சீனாவில் விற்கக் கொம்பு வேண்டும். டொயாமாக்காரர்கள் வடக்கிலிருந்து கொம்பு கொண்டுவந்து கொடுத்தார்கள். அது ரியூக்கியூ வழியாகச் சீனா போனது. பதிலுக்கு மருந்துச் சரக்கு வந்தது. ஷோகன் ஆட்சியின் கண்ணில் படாமல் நடந்த இந்த வணிகம் சட்சுமாவின் கஜானாவை நிரப்பிய வழிகளில் ஒன்று. அதே சட்சுமாதான் பிறகு ஷோகன் ஆட்சியைக் கவிழ்த்ததில் முன்னே நின்றது. வழியில் தங்கிய கொம்பு ஒகினாவாவின் அடுப்பில் ஏறியது. அங்கே சாறுக்கு மேலாக அதைக் காய்போலவே பாவிக்கிறார்கள்: மெல்லியதாக நறுக்கிப் பன்றி இறைச்சியோடு வதக்கும் கூபு இரிச்சி விசேஷ நாள் பண்டம்.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் ஐனு மக்களை விட்டுவிடுவது எனக்கு உறுத்தும். கப்பலும் வணிகரும் பேசப்படுகிறார்கள். ஹொக்கைடோ ஐனுக்களின் மண். ஷோகன்கள் ஆண்ட எடோ காலத்தில் மட்சுமாயே பிரபுவிடம் குத்தகை எடுத்த வணிகர்கள் மீன்பிடிக் களங்களில் ஐனுக்களைக் கடுமையாக வேலை வாங்கினார்கள். தெற்கே கியோட்டோவின் நேர்த்திக்குப் பின்னால் வடக்கே அந்த உழைப்பு இருக்கிறது.

இனி தண்ணீர். கொம்புவின் ருசியை வெளியே கொண்டுவர மென்னீர் வேண்டும். நீரில் கால்சியம் அதிகம் இருந்தால் அது பாசியின் ஆல்ஜினிக் அமிலத்தோடு பிணைந்துகொண்டு சாறு இறங்குவதைத் தடுக்கிறது. கியோட்டோ நீர் டோக்கியோ நீரைவிட மென்மையானது. மேற்கே கொம்புவும் கிழக்கே கட்சுவோபுஷியும் ஓங்கியதற்குக் கப்பல் வழியோடு இதையும் காரணமாகச் சொல்கிறார்கள். இந்தப் பிரிவு இன்றும் அழியவில்லை. நிஸ்ஸின் நிறுவனத்தின் தொன்பேய் என்ற கப் உதோன் நூடுல்ஸ் கிழக்கு ஜப்பானுக்கு ஒரு சூப்போடும் மேற்குக்கு வேறு சூப்போடும் விற்கப்படுகிறது. அட்டை ஒன்றுதான், உள்ளே மேற்கில் கொம்பு முன்னால் நிற்கும்.

சென்னையின் ஆழ்துளைக் கிணற்று நீரில் விலையுயர்ந்த ரிஷிரியைப் போட்டுவிட்டு ஒன்றும் வரவில்லை என்று குறைப்படுவதில் நியாயமில்லை. ஆர்.ஓ. தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். ஐரோப்பாவின் சுண்ணாம்பு நீர் உள்ள ஊர்களில் இருக்கும் நம்மவர்களும் மென்னீர் பாட்டில் வாங்கிச் செய்து பார்த்தால் வேறுபாடு முதல் வாயிலேயே தெரியும்.

செய்முறை எளிது. ஒரு லிட்டர் தண்ணீருக்கு 10 கிராம் கொம்பு. மேலே வெள்ளையாகப் படிந்திருப்பது பெரும்பாலும் மன்னிட்டால். அதைப் பூஞ்சை என்று நினைத்துக் கழுவித் தேய்த்தால் ருசியைத்தான் சாக்கடையில் விடுகிறீர்கள். ஈரத்துணியால் மணலை மட்டும் லேசாகத் துடைத்தால் போதும். அரை மணி நேரமாவது ஊறட்டும். பிறகு மிகச் சின்னத் தீயில் ஏற்றி, சட்டியின் அடியில் சிறு குமிழிகள் எழும்போது, கொதிக்கும் முன்னரே கொம்புவை எடுத்துவிடுங்கள். கொதித்தால் ஆல்ஜினிக் அமிலம் கரைந்து சாறு வழவழக்கும், பாசி வாடையும் கசப்பும் ஏறும். கியோட்டோ சமையல்காரர்கள் பலர் 60 டிகிரியில் ஒரு மணி நேரம் பிடித்துவைக்கிறார்கள். வெப்பமானி இருந்தால் அது சிறந்த வழி. எடுத்தபின் நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவந்து அடுப்பை அணைத்து, 20 முதல் 30 கிராம் கட்சுவோபுஷி தூவி, ஓரிரு நிமிடம் விட்டு, பிழியாமல் வடிகட்டினால் அது முதல் டாஷி. தெளிந்த சூப்புக்கு அது. அதே கொம்புவையும் சீவலையும் மறுபடி மெதுவாகக் காய்ச்சினால் இரண்டாம் டாஷி; மிசோ என்ற நொதித்த சோயா விழுது கரைத்த சூப்புக்கும் காய்கறி வேகவைக்கவும் அது போதும்.

இவ்வளவும் வேண்டாம் என்றால் ராத்திரி ஒரு பாட்டில் தண்ணீரில் கொம்புவைப் போட்டு ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். காலையில் டாஷி தயார். வாடையே இல்லாத, தவறவே முடியாத முறை. புதிதாகத் தொடங்குபவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

சைவம் சாப்பிடுபவர்களுக்கு. கொம்பு பாசி, அதில் எந்தச் சிக்கலும் இல்லை. சிக்கல் டாஷியில். ஜப்பானில் வெறும் டாஷி என்றால் பெரும்பாலும் மீனும் சேர்ந்தது. மிசோ சூப், உதோன், சோபா நூடுல்ஸ் வகைகள், பொரித்த டோஃபுவின் மேல் ஊற்றும் சாறு, கீரைப் பொரியல் மாதிரி தெரியும் ஒஹிதாஷி, முட்டை ரோல் எல்லாவற்றிலும் அது ஒளிந்திருக்கும். இறைச்சி இல்லை, மீன் இல்லை என்று பரிமாறுபவர் மனதார நம்பிச் சொல்வார். டாஷியை அவர் மீனாக எண்ணுவதே இல்லை. ஆகவே இது கொம்பு டாஷிதானா, கட்சுவோ சேர்ந்ததா என்று அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்க வேண்டும். நம்பிப் போகக்கூடிய இடம் புத்த மடங்களின் ஷோஜின் சமையல். அங்கே கொம்புவும் காய்ந்த ஷிட்டாக்கேயும்தான் சாறு. முன்னே சொன்ன பெருக்கல் கணக்கு அங்கேயும் வேலை செய்கிறது. வீட்டில் செய்ய, ஷிட்டாக்கேயைக் குளிர்ந்த நீரில் ஃபிரிட்ஜில் ஊறவைத்து, கொம்பு நீரோடு கலந்து சூடாக்குங்கள். காளான் மணம் பிடிக்காதவர்கள் அளவைக் குறைத்துக்கொள்ளலாம்.

சாறு மட்டும் அல்ல, கொம்புவையே தின்னும் வழிகளும் ஏராளம். டொயாமாவில் பச்சை மீன் துண்டுகளை இரண்டு கொம்பு இலைகளுக்கு நடுவே வைத்து ஓர் இரவு விடுவார்கள். கொம்பு மீனின் நீரை இழுத்துக்கொண்டு தன் ருசியை மீனுக்குக் கொடுக்கும். கொம்புஜிமே என்ற இந்த முறையைக் காய்கறிக்கும் செய்கிறார்கள். சதைப்பற்றான காளான், ஆவியில் வெந்த அஸ்பாரகஸ் நன்றாக வரும். கியோட்டோவின் குளிர்கால ஊறுகாயான செம்மாய்சுகேயில் மெல்லிய டர்னிப் வட்டங்களுக்கு நடுவே கொம்பு இருக்கும். சோயா சாஸில் சுண்டவைத்து உலர்த்திய ஷியோ கொம்புவை முட்டைக்கோஸ் நறுக்கி நல்லெண்ணெய் விட்டுப் பிசைந்தால் இரண்டு நிமிடத்தில் ஒரு தொட்டுக்கொள்ளும் பண்டம். சுமோ மேடையிலும் அதற்கு இடம் உண்டு: போட்டித் தொடருக்கு முன் மேடையின் நடுவே புதைக்கும் காணிக்கைப் பொருள்களில் கொம்புவும் ஒன்று.

எச்சரிக்கை ஒன்று, இதை மெல்லச் சொல்ல மாட்டேன். கொம்புவில் அயோடின் மிக மிக அதிகம். ஒரு கிராமிலேயே ஒன்று முதல் இரண்டு மில்லிகிராம் வரை இருக்கும். பெரியவர் ஒருவருக்கு நாளொன்றுக்குத் தேவை 0.15 மில்லிகிராம். அது தண்ணீரில் எளிதில் இறங்கிவிடும், ஆகவே துண்டை எடுத்துவிட்டேன் என்பது பாதுகாப்பு ஆகாது. 2009-ல் ஆஸ்திரேலியாவில் கொம்பு சேர்த்த ஒரு சோயா பாலைக் குடித்த பலருக்குத் தைராய்டு கெட்டு, அந்தப் பால் கடைகளிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. எப்போதாவது ஒரு கிண்ணம் சூப் குடிப்பதில் ஆரோக்கியமானவர்களுக்குப் பயமில்லை. ஆனால் தைராய்டு கோளாறு உள்ளவர்கள், கர்ப்பிணிகள் மருத்துவரிடம் கேட்காமல் பழக்கமாக்கிக்கொள்ள வேண்டாம். உடல் மெலிய தினம் கொம்புத் தண்ணீர் என்று பரவும் யோசனைகளை யாருமே பின்பற்ற வேண்டாம்.

விலையின் இன்னொரு காரணத்தைச் சொல்லாமல் விட முடியாது. கடல் சூடாகிறது. 1990-ஐ ஒட்டி ஹொக்கைடோ ஆண்டுக்குச் சுமார் 30 ஆயிரம் டன் காய்ந்த கொம்பு தந்தது. இப்போது அதில் பாதிகூட இல்லை. ஹகோடாடே பக்கம் தானாக வளரும் மா-கொம்பு கடந்த பத்து ஆண்டுகளில் மிகவும் அருகிவிட்டது. ஒசாகாவின் பழைய வியாபாரிகள் கயிற்றில் வளர்க்கும் கொம்புவை நம்பி இருக்கிறார்கள். குளிர்காலத்தில் நீர் போதிய அளவு குளிராவிட்டால் கடல் முள்ளெலிகள் அடங்கிக் கிடக்காமல் இளம் பாசியை மேய்ந்துவிடுகின்றன, பாறை மொட்டையாகிவிடுகிறது. 2019-ல் ஹொக்கைடோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இந்த நூற்றாண்டின் இறுதிக்குள் சில வகைகள் ஜப்பானியக் கடலிலிருந்து மறையக்கூடும் என்று கணித்தார்கள். களத்தில் நிற்கும் குடும்பங்களும் குறைகின்றன. பிள்ளைகள் நகரத்துக்குப் போய்விடுகிறார்கள். இந்த நிலையில் அட்டையில் எழுதிய விலை எனக்கு அதிகமாகத் தெரியவில்லை. ஒரு லிட்டருக்கு 10 கிராம் என்று கணக்குப் போட்டால் நாலு பேர் குடும்பத்தின் சூப்புக்கு ஆகும் செலவு பெரிதும் அல்ல.

வாங்கும்போது தடித்து, நன்றாகக் காய்ந்து, கரும்பச்சையோ கரும்பழுப்போ ஆன நிறத்தில் இருப்பதைப் பாருங்கள். முதன்முதலாக வாங்குபவர் சாறுக்கு ரிஷிரி அல்லது மா-கொம்பு, தின்னவும் சேர்த்து என்றால் ஹிடாக்கா. ராவுசுவை நாக்கு பழகிய பிறகு வாங்கலாம். ரகத்தின் பெயரே போடாமல் கொம்பு என்று மட்டும் எழுதிய மலிவுப் பொட்டலம் சீனாவிலோ கொரியாவிலோ வளர்த்ததாக இருக்கலாம். வேகவைத்துத் தின்ன நன்றாகவே இருக்கும், தெளிந்த சூப்புக்கு எதிர்பார்க்க வேண்டாம். நம் ஊர்க் காற்றின் ஈரத்துக்குக் காற்றுப் புகாத டப்பா கட்டாயம். அப்படி வைத்தால் ஆண்டுக்கணக்கில் கெடாது. பச்சையாகவோ நீலமாகவோ பஞ்சு படர்ந்தால்தான் பூஞ்சை, அதை எறிந்துவிடுங்கள்.

சாறு எடுத்த கொம்புவைக் குப்பையில் போடாதீர்கள். ஃப்ரீசரில் சேர்த்துவையுங்கள். ஒரு கைப்பிடிக்கு மேல் சேர்ந்ததும் மெல்லிய கீற்றாக நறுக்கி, மூழ்கும் அளவு தண்ணீரும் ஒரு கரண்டி வினிகரும் விட்டு மெத்தென்று ஆகும்வரை வேகவையுங்கள்; வினிகர் சீக்கிரம் இளகவைக்கும். அப்புறம் சோயா சாஸ், கொஞ்சம் சர்க்கரை சேர்த்து, சின்னத் தீயில் நீர் வற்றி மினுமினுப்பு வரும்வரை கிளறி, எள் தூவி இறக்குங்கள். இதுதான் சுகுதானி. சுடுசோற்றுக்கு அது ஒன்றே போதும், தயிர்ச் சாதத்துக்கும் பொருந்தும்.